‘நடந்தார்’ மட்டும் போதுமா? நடையை எழுதச் சொல் தேர்வது பற்றி

‘மாமா சாலையில் நடந்து போனார்.’ இந்த வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவருக்குத் தெரிவது மாமா பஸ்ஸிலோ சைக்கிளிலோ போகவில்லை என்பது மட்டும்தான். அவருக்கு என்ன வயது, களைத்திருக்கிறாரா, காலில் செருப்பு இருக்கிறதா, எதற்காகப் போகிறார் என்பதெல்லாம் தெரியாது. எழுதப் பழகுகிறவர்கள் இந்தக் குறையை உணர்ந்தவுடன் இரண்டு சொற்களை எடுப்பார்கள்: மெதுவாக, வேகமாக. ‘மாமா மெதுவாக நடந்து போனார்.’ இப்போதும் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. முழங்கால் வலி உள்ளவரும் மெதுவாக நடப்பார். சாப்பிட்டுவிட்டுக் காற்றாட வந்தவரும் மெதுவாக நடப்பார். கடன் கொடுத்தவர் வீட்டுக்குத் தவணை சொல்லப் போகிறவரும் மெதுவாகத்தான் நடப்பார். மூவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் மூவருமே காணாமல் போய்விடுகிறார்கள்.

வேகம் நடையின் ஒரு கூறுதான். அதைவிட முக்கியமானவை நான்கு இருக்கின்றன: நடப்பவரின் உடல், காலுக்குக் கீழே உள்ள தரை, அவர் சுமப்பது, அவர் போகும் காரியம். இவற்றைப் பார்க்காமல் அகராதியைத் திறந்தால் அழகான சொல் கிடைக்கலாம். பொருத்தமான சொல் கிடைக்காது. பார்த்துவிட்டால் பெரும்பாலும் அகராதியே தேவைப்படாது.

முதலில் வினைச்சொல்லைப் பார்ப்போம். தமிழில் நல்ல வினை கிடைத்துவிட்டால் அடைமொழிக்கு வேலை குறைவு. ‘உலாவினார்’ என்றால் அவசரம் எதுவும் இல்லை, மனம் இலேசாக இருக்கிறது. ‘உலாத்தினார்’ என்றால் சிறிய இடத்துக்குள் அங்கும் இங்குமாக நடக்கிறார், உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் கணவர் உலாத்துவார், உலாவமாட்டார். ‘அலைந்தார்’ என்பதில் தேடலும் ஏமாற்றமும் இருக்கின்றன. ‘திரிந்தார்’ என்பதில் நோக்கமின்மையோடு, சொல்பவரின் அதிருப்தியும் சேர்ந்துவிடுகிறது. ‘நாள் முழுக்க வெயிலில் திரிகிறான்’ என்று ஒரு தாய் சொன்னால் அங்கே மகனின் நடை மட்டும் தெரிவதில்லை, தாயின் குரலும் கேட்கிறது. யார் பார்வையில் எழுதுகிறோம் என்பதை இந்த ஒரு சொல் தீர்மானித்துவிடும்.

நிலைகுலைவைச் சொல்லும் வினைகளிலும் இந்த வேறுபாடு உண்டு. இடறுவது கால்: கல்லிலோ வேரிலோ பட்டது. தடுமாறுவது உடல்: ஒரு கணம் நிலை தவறி, உடனே மீண்டுவிடலாம். தள்ளாடுவது நீடிப்பது: முதுமையோ காய்ச்சலோ குடியோ பின்னால் இருக்கிறது. ‘கல் இடறித் தள்ளாடினார்’ என்று எழுதினால் வாசகர் கல்லை விட்டுவிட்டு, அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று யோசிக்கத் தொடங்குவார்.

வழக்கிலேயே தயாராக இருக்கும் தொடர்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘பொடிநடையாகப் போய்விடலாம்’ என்றால் தூரம் குறைவு, அவசரமில்லை. ‘நடையை எட்டிப் போட்டார்’ என்றால் இருட்டுகிறது, அல்லது பஸ் போய்விடும். ‘ஓர் எட்டுப் போய்விட்டு வருகிறேன்’ என்பவர் பக்கத்தில்தான் போகிறார், சீக்கிரம் திரும்புவார். ‘பட்டா மாறுதலுக்காக நடையாய் நடந்தார்’ என்பதில் கால்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் போயிருக்கலாம். அங்கே சொல்லப்படுவது அலைக்கழிப்பு. ‘நாலு நடை தண்ணீர் எடுத்தாள்’ என்னும்போது நடை ஓர் அளவாகவே மாறிவிடுகிறது.

இரட்டைக்கிளவி பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் தொடக்க எழுத்தாளர்கள் அதிகம் விரும்புவதும் அதிகம் வீணாக்குவதும் இதைத்தான். விறுவிறு, குடுகுடு, தடதட, சரசர ஆகியவை இரட்டைக்கிளவிகள். இவை இரட்டித்தே வரும். பிரித்தால் பொருள் தராது. ‘விறு’ என்று தனியாக ஒரு சொல் இல்லை. ‘நடந்து நடந்து கால் ஓய்ந்தது’ என்பதில் வரும் ‘நடந்து நடந்து’ அடுக்குத்தொடர். அதைப் பிரித்தாலும் பொருள் உண்டு. இலக்கண வேறுபாடு இவ்வளவுதான். எழுதுகிறவருக்குத் தேவையான வேறுபாடு இன்னொன்று இருக்கிறது: இரட்டைக்கிளவி ஒவ்வொன்றும் ஓர் ஓசையையோ ஓர் உடலையோ கூடவே கொண்டுவரும். குடுகுடுவென்று போவது சிறு குழந்தையின் அல்லது கூன் விழுந்த முதியவரின் குட்டை அடி. தடதடவென்பதில் எடை இருக்கிறது. மாடிப்படி அதற்குப் பொருந்தும், மணல் பொருந்தாது. சரசரவென்பதற்கு உரசும் பொருள் ஏதாவது வேண்டும்: காய்ந்த சருகு, கஞ்சி போட்ட வேட்டி, சோளத்தட்டு. விறுவிறுவென்று போகிறவர் ஒரு முடிவோடு போகிறார். அவரே பாதி வழியில் நின்று வேடிக்கை பார்த்தால் சொல் பொய்யாகிவிடும். ஒரு பத்திக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு வந்தால் இரண்டும் சத்தம் போடும், ஒன்றும் காதில் விழாது.

இனி தரை. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நடை காலில் மட்டும் இல்லை. கால் படும் இடத்திலும் இருக்கிறது. கொங்கு நாட்டில் எழுதுகிறவருக்கு இதில் பஞ்சமே இல்லை. சில மைல் தூரத்துக்குள் தரை மாறிக்கொண்டே இருக்கும் நாடு இது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்து இட்டேரிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். மாடுகளும் ஆடுகளும் மிதித்து மிதித்துப் புழுதி மாவாகிக் கிடக்கும். அந்தப் புழுதிக்குள் வேலாமுள் கிடக்கும். ரப்பர் செருப்பு என்றால் அதைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலுக்கு வந்துவிடும். ஆகவே இட்டேரியில் பழக்கமில்லாதவர் தலைகுனிந்துதான் நடப்பார். கண் அடுத்த அடியைத் தேடிக்கொண்டே இருக்கும். அந்த ஊர்க்காரரோ நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டே போவார், கால் தானாக ஒதுங்கும். ‘பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள்’ என்று ஒரு தொடர் எழுதினால், அவள் அந்த ஊருக்குப் புதிது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசல் உண்டு. மழை பெய்து ஓய்ந்த கரிசலில் இறங்கினால் ஒவ்வோர் அடிக்கும் செருப்பின் அடியில் ஒரு படலம் மண் சேரும். பத்து எட்டுக்குள் கால் கனத்துவிடும். அங்கே காலைத் தூக்கி வைப்பதில்லை, பிடுங்கி வைக்கிறோம். ‘பிடுங்கி’ என்ற அந்த ஒரு சொல் மண்ணின் நிறத்தையும் ஈரத்தையும்கூடச் சொல்லிவிடுகிறது. காலிங்கராயன் வாய்க்கால் பாயும் வயல்களில் வரப்பு குறுகல். ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் அடுத்த பாதம் வர வேண்டும், கைகள் இரண்டும் இலேசாக அகலும், எதிரே ஆள் வந்தால் ஒருவர் வயலுக்குள் இறங்கியாக வேண்டும். யார் இறங்குகிறார் என்று எழுதுங்கள், அது ஒரு கதைக்கே விதையாகும். அமராவதி ஆற்று மணலில் குதிங்கால் புதையும், முன்பாதத்தை ஊன்றி உந்த வேண்டும். ‘கால் புதையப் புதைய நடந்தார்கள்’ என்பது அங்கே பிறந்த தொடர்.

மலை இன்னொரு தரை. பழனி மலைக்கே இரண்டு நடை உண்டு. படிவழியில் போகிறவர் முழங்காலில் கையூன்றி, மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டு, மறுபடி ஏறுவார். யானைப்பாதையில் போகிறவர் சரிவில் வளைந்து வளைந்து, பேச்சை விடாமல் ஏறுவார். ‘மலை ஏறினார்’ என்று இருவருக்கும் எழுதலாம், ஆனால் எந்த வழி என்று தெரிந்தவர் அப்படி எழுதமாட்டார். கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியில் ஏழு மலைகளைக் கடந்து போகிறவர்கள் கையில் மூங்கில் தடி இருக்கும். ஏறும்போது தடி துணை. இறங்கும்போது அதுவே மூன்றாவது கால். இறங்குகிறவரைக் கவனித்தால் தெரியும்: தடியை முன்னால் ஊன்றுவார், உடலைப் பக்கவாட்டில் திருப்புவார், ஒரு காலை இறக்கி மற்றக் காலை அதன் அருகே கொண்டுவந்து சேர்ப்பார், பிறகுதான் அடுத்த அடி. முழங்கால் நடுங்குவதை ‘நடுங்கியது’ என்று எழுதாமலே இந்த வரிசை காட்டிவிடும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் கூட்டத்தை ஈரோடு, திருப்பூர், கோவை, கரூர் மாவட்டங்களில் பார்க்காதவர் இல்லை. நடையை எழுதப் பழக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே மனிதர் ஒரே சாலையில் வெவ்வேறு நடை நடப்பதை அங்கே பார்க்கலாம். புறப்பட்ட அன்று கை வீசி நடப்பார், பேச்சும் பாட்டும் கூடவே வரும், இளைஞர்கள் முன்னால் போய்ப் போய் நின்று மற்றவர்களுக்காகக் காத்திருப்பார்கள். மறுநாள் கைவீச்சு குறையும். தொடை உரசிப் புண்ணானவர் காலை அகட்டி நடப்பார். உள்ளங்காலில் கொப்புளம் வந்தவர் பாதத்தின் வெளிஓரத்தை மட்டும் தரையில் வைப்பார். செருப்பில்லாமல் வருகிறவர்கள் உச்சி வெயிலில் தாரை விட்டு விலகி, சாலை ஓரத்தில் வரைந்த வெள்ளைக் கோட்டின்மேல் ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். வெள்ளை வண்ணம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அது தாரைவிடச் சூடு குறைவு. கூட்டமாக வந்தவர்கள் ஒரே வரிசையாகிவிடுவதை ‘களைப்பாக நடந்தார்கள்’ என்று எழுதினால் எவ்வளவு இழப்பு! ‘வெள்ளைக் கோட்டை விட்டுக் கால் இறங்காமல் வரிசையாக வந்தார்கள்’ என்றால் வெயிலும் தாரும் வெறுங்காலும் சேர்ந்து வந்துவிடும்.

அதே பழனிக்குப் பங்குனி உத்திரத்தின்போது கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு காவடியோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். சுமை நடையை எப்படி மாற்றுகிறது என்பதற்கு இவர்களைப் பாருங்கள். தோளில் காவடி, அதன் இரு முனையிலும் தீர்த்தக் கலசம். இடுப்புக்குக் கீழே கால்கள் ஓடாத குறையாகப் போகும். இடுப்புக்கு மேலே தோளும் கழுத்தும் அசையாமல் காவடியைக் காக்கும். தோள் மாற்றும்போது மட்டும் நடை ஒரு கணம் தாளம் தப்பும். ‘குலுங்காமல் விரைந்தார்’ என்பது இரண்டு எதிரெதிர்ச் செயல்களை ஒரே மூச்சில் சொல்கிறது. தலையில் சோளத்தட்டுக் கட்டோடு வருகிற பெண்ணுக்கும் கழுத்து அசையாது, ஆனால் அங்கே இடுப்பு அசையும், ஒரு கை மேலே போகும், பார்வை தாழும். சுமையின் பெயரைச் சொல்லுங்கள், அது எங்கே அழுத்துகிறது என்று சொல்லுங்கள். ‘சிரமப்பட்டு’ என்ற சொல் தேவையற்றதாகிவிடும்.

காரியத்துக்கு ஒரு காட்சி போதும். கோவை நூற்பாலைகளில் சைடர் என்று அழைக்கப்படும் தொழிலாளி, ஓடும் எந்திரங்களின் வரிசைக்கு நடுவே ஷிப்ட் முழுக்க நடப்பார். கால் தன்பாட்டில் போகும், கண் நூல் சுற்றும் கதிர்களின்மேல் இருக்கும். இழை அறுந்த இடத்தில் சட்டென்று நிற்பார், விரல் இணைக்கும், மறுபடி கால் கிளம்பும். அதே சந்தில் மேற்பார்வையாளரும் வருகிறார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவருடைய கண் எந்திரத்தில் இல்லை, ஆட்களின்மேல் இருக்கிறது. ஒருவர் நடக்கிறார், மற்றவர் உலாத்துகிறார். இருவரும் கடக்கும் தூரம் ஒன்றாகவே இருந்தாலும் எழுதுகிறவர் இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது.

பார்ப்பவர் இருந்தாலும் நடை மாறும். ‘இகழ்வார்முன் ஏறுபோல் பீடு நடை’ என்கிறது 59ஆம் குறள். ‘ஏறுபோல்’ என்பதை எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ‘இகழ்வார்முன்’ என்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். குறை சொல்லக் காத்திருப்பவர்கள் எதிரே இருக்கும்போதுதான் அந்த நடைக்கு முழுப் பொருள். காங்கேயம் காளை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ‘பீடு’ எதில் இருக்கிறது என்று தெரியும். அவசரம் இல்லை, தயக்கமும் இல்லை. தலை தாழாது, ஒவ்வோர் அடிக்கும் திமில் ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும், குளம்பு முழுதாகப் பதிந்த பிறகே அடுத்த குளம்பு எழும். இதையெல்லாம் பார்க்காமல் ‘காளைபோல் நடந்தான்’ என்று எழுதுவது, கேள்விப்பட்டதை எழுதுவதுதான். அன்னநடை, சிங்கநடை, ராஜநடை போன்றவை இப்படித்தான் தேய்ந்துபோயின. ‘வீறுநடை போடுகிறது’ என்பது திட்டங்களுக்கும் கட்சிகளுக்கும் போய்விட்டது, மனிதர்களுக்கு அதைத் திரும்ப வாங்குவது கடினம்.

உடல் ஊனத்தோடு நடப்பவரை எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். ‘நொண்டி’ என்று ஆளுக்குப் பெயர் வைக்காதீர்கள். அசைவை எழுதுங்கள்: வலது காலை அரைவட்டமாக வீசி வைக்கிறார், இடது தோள் அதற்கு ஏற்பத் தாழ்கிறது, திண்ணையை ஒட்டியே வருகிறார். ‘விந்தி விந்தி நடந்தார்’ என்பதும் அசைவைச் சொல்லும் தொடர்தான், அது யாரையும் சிறுமைப்படுத்துவதில்லை.

இப்போது ஒரு வாக்கியத்தை எடுத்துத் திருத்திப் பார்க்கலாம். ‘அப்புச்சி சந்தையிலிருந்து நடந்து வந்தார்.’ அப்புச்சி என்றால் கொங்கு வழக்கில் அம்மாவின் அப்பா. அவர் வளர்த்த மாட்டை விற்றுவிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் முயற்சியில் பெரும்பாலோர் எழுதுவது இப்படி இருக்கும்: ‘அப்புச்சி மிகுந்த சோகத்துடன், மனம் உடைந்து, மெதுவாக, தளர்ந்த நடையில் நடந்து வந்தார்.’ நான்கு அடைமொழிகள். நான்கும் ஒன்றையே சொல்கின்றன. அதோடு வாசகர் உணர வேண்டியதை ஆசிரியரே உணர்ந்து முடித்துவிட்டார். அடைமொழிகளை எடுத்துவிட்டு அவரைப் பாருங்கள். கையில் என்ன இருக்கிறது? பழைய கயிறு. எந்த வழியாக வருகிறார்? மாட்டை ஓட்டிக்கொண்டு போன அதே இட்டேரி. போகும்போது மாடு நடுவில் போயிருக்கும், அவர் ஓரத்தில் போயிருப்பார். ‘மாட்டை விற்றுவிட்டு, வெறும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அப்புச்சி நடந்து வந்தார். இட்டேரி முழுக்க வெறிச்சோடிக் கிடந்தும் வேலி ஓரமாகவே வந்தார்.’ கவனியுங்கள், ‘நடந்து வந்தார்’ அப்படியே இருக்கிறது. வினையை மாற்றவே இல்லை. சுற்றியுள்ளவற்றைச் சரியாகச் சொன்னால் வெறும் ‘நடந்தார்’ போதும் என்கிற இடங்கள் நிறைய உண்டு. ஒவ்வொரு ‘நடந்தார்’ஐயும் அலங்கரிக்கப் புறப்பட்டால் வாசகர் கதையை விட்டுவிட்டுச் சொற்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். பாத்திரம் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவது கதைக்கு முக்கியமில்லை என்றால் ‘போனார்’ என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுங்கள்.

வாக்கியத்தின் நீளமும் நடையைச் சொல்லும். படியேறுகிறவரைச் சிறு வாக்கியங்களில் எழுதினால் மூச்சு வாங்குவது தெரியும். ‘ஒரு படி. நின்றார். இன்னொரு படி.’ பழனிச் சாலையின் இரவு நடையை ‘நடந்து, பேசி, பேச்சு ஓய்ந்து, பாட்டு எடுத்து, பாட்டும் ஓய்ந்து, விளக்கு தெரிகிற ஊரை நோக்கி’ என்று எச்சங்களாக நீட்டிக்கொண்டே போகலாம். தமிழ் வினையெச்சம் இதற்கென்றே அமைந்தது போலிருக்கும். முற்றுப்புள்ளி வராதவரை கால் நிற்காது. எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஓடுகிறவரைப் பற்றிய வாக்கியம் உங்கள் நாக்கில் தடுக்கினால் ஏதோ ஒரு சொல் அதிகம்.

பயிற்சிக்குக் காந்திபுரம் பஸ் நிலையம் போன்ற ஓர் இடத்தில் உட்கார்ந்து ஒரே ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவரைப் பற்றி உணர்ச்சிச் சொல் எதுவும் எழுதாமல், குதிங்கால் முதலில் படுகிறதா முன்பாதமா, கைகள் எங்கே இருக்கின்றன, பை எந்தப் பக்கம் இழுக்கிறது, கூட்டம் எதிரே வந்தால் ஒதுங்குகிறாரா ஒதுக்குகிறாரா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அதிலிருந்து இரண்டு குறிப்புகளை மட்டும் வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

கடைசியாக, அந்தந்த ஊர்ச் சொல். பாத்திரம் பேசும் இடத்தில் ‘வெரசா வா’ என்று கொங்குப் பேச்சு வரட்டும். ஆசிரியர் சொல்லும் இடத்தில் ‘விரைந்து’ என்றே இருக்கட்டும். இரண்டையும் கலக்காமல் இருந்தால் இரண்டும் துலங்கும். ஆனால் ஒரு செயலுக்கு அந்த ஊரில் நிலைத்துவிட்ட பெயர் இருந்தால், ஆசிரியரின் வாக்கியத்திலும் அதுதான் வர வேண்டும். சத்தியமங்கலம் அருகே பண்ணாரி மாரியம்மன் கோயிலில் பங்குனித் திருவிழாவின்போது பக்தர்கள் தழல்மேல் நடக்கிறார்கள். வேறு ஊர்களில் தீமிதி என்பார்கள், பூக்குழி என்பார்கள். இங்கே அது குண்டம், செயலின் பெயர் குண்டம் இறங்குதல். ‘நெருப்பில் வேகமாக நடந்தார்’ என்று எழுதினால் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர் எழுதியதாகத் தெரியும். ‘மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக வரிசையில் நின்று குண்டம் இறங்கினாள்’ என்று எழுதினால், விரதம் இருந்து, விடிய விடியக் காத்திருந்து, தன் முறை வந்ததும் அடியெடுத்து வைத்தவளைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதியதாக இருக்கும்.